காலி மனைப் பூ

ஆகஸ்ட் 2

இது தம்பி குமரவேலுக்குக் கம்பெனியில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி. ஏழு மாதமாக ஆடுகிற மேஜைக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது. இன்று உருவி எடுத்துத் துடைத்தேன். மனசில் இருப்பதை வாய்விட்டுச் சொன்னால் வீட்டில் சண்டை வருகிறது, சொல்லாவிட்டால் எனக்குத் தலை வலிக்கிறது. எழுதித் தொலைக்கலாம்.

ஆடி மாதம், பொக்கே கடையில் ஈ ஓட்டுகிறேன். ஓசூர் முழுக்க ரோஜா குவிந்து கிடக்கிறது, வாங்க ஆள் இல்லை. வீட்டுக்கு வந்தால் ஒரே தும்மல் சத்தம். தம்பி பெண்டாட்டி பிரம்மசக்தி உடன்குடிப் பெண். தையில் கட்டிக்கொண்டு வந்தோம், இப்போது வயிற்றில் ஐந்து மாதம் முடியப்போகிறது. வெயில் காலமெல்லாம் நன்றாகத்தான் இருந்தாள். மழை விழுந்ததிலிருந்து மூக்கும் கண்ணும் ஒழுகுகிறது.

எங்கள் வீட்டில் பிள்ளைகள் தும்மினால் 'நூறு' என்போம். இரண்டாவது தும்மலுக்கு இருநூறு. ஆயுசைக் கூட்டிக்கொண்டே போகவேண்டியது. அம்மா போனபிறகு குமரவேலுக்கு நான்தான் சொல்லி வளர்த்தேன். இன்று காலை சக்தி தும்மியபோது அடுப்படியிலிருந்தே நூறு என்றேன். இருநூறு, முந்நூறு என்று போய் ஆயிரத்தைத் தாண்டியது. போதும்டி, எமனுக்கே வேலை இல்லாமல் போய்விடும் என்றேன். சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 5

சக்தியை ஆடிக்கு அழைத்துப்போக அவள் அம்மா வெயிலுகந்தம்மாள் வந்திருந்தார். கருப்பட்டி, பனங்கிழங்கு மாவு, கருவாடு என்று ஒரு பை நிறையச் சாமான். சம்பந்தி முறையில் என்னைப் பார்த்து, "என்ன மதினி, புள்ள இளைச்சிட்டா?" என்றார். நான் தின்ன விடாமல் வைத்திருக்கிறேன் என்று அர்த்தம். எனக்கு விளங்காதா.

மூட்டை முடிச்சோடு இரண்டு பேரும் கிளம்பிப் போனார்கள். வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. இதை அவளிடம் சொல்லமாட்டேன்.

ஆகஸ்ட் 8

இரண்டு நாள் மழை. பக்கத்துக் காலி மனையில் வெள்ளைப்பூ மறுபடி பூத்துவிட்டது. மனைக்காரன் துபாயிலோ எங்கேயோ இருக்கிறான். எல்லைக்கல் நட்டுவிட்டுப் போனவன் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. செடி இடுப்பளவு நிற்கிறது.

பொக்கேயில் ரோஜாவுக்கு நடுவே தூவினாற்போல வைக்கும் வெள்ளைப் பொடிப்பூவுக்கு ஜிப்ஸி என்று பெயர். கல்யாண சீசனில் அதன் விலை யானை விலை, குதிரை விலை. இரண்டு வருஷம் முன்பு இந்த மனையைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. அதே பொடி, அதே வெள்ளை. வெட்டி வந்து தண்ணீரில் வைத்துப் பார்த்தேன், நாள் முழுக்க வாடவில்லை. வாங்குகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. இப்போது தினமும் காலையில் ஒரு கட்டு வெட்டுகிறேன்.

ஊரில் இதை விஷச்செடி என்கிறார்கள், மாடுகூட வாய் வைக்காது. வைக்காவிட்டால் போகிறது. பொக்கேயை யாராவது தின்னப்போகிறார்களா?

கழுத்தும் கண் இமையும் ஒரே அரிப்பு. இந்தச் சோப்புதான் காரணம்.

ஆகஸ்ட் 11

சோப்பு மாற்றினேன். அரிப்பு மாறவில்லை.

ஆகஸ்ட் 15

சக்தி வந்துவிட்டாள். அம்மா வீட்டில் பத்து நாள் ஒரு தும்மல்கூட இல்லையாம், அவளே சொன்னாள். முகம் தெளிந்து, கன்னத்தில் சதை வைத்து வந்திருந்தாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கடையிலிருந்து வந்த கையோடு மல்லிகைச் சரத்தை அவள் தலையில் வைத்துவிட்டேன். அவள் வந்ததிலிருந்து தினமும் அப்படித்தான். எனக்குத்தான் வைக்க ஆள் இல்லை, அவளுக்காவது நான் இருக்கிறேன் என்று.

காபி ஆறுவதற்குள் தும்மல் ஆரம்பித்துவிட்டது.

அங்கே வராத தும்மல் இங்கே மட்டும் வருமாம். அங்கே பாசம், இங்கே தூசி. நான் நூறு சொல்லவில்லை.

ஆகஸ்ட் 19

ஆவணி பிறந்ததும் ஆர்டர் கொட்டுகிறது. கடையில் இடம் போதவில்லை, சாயங்காலம் கூடத்திலேயே பரப்பி வைத்து வேலை பார்க்கிறேன். சக்தி நேற்று வந்து உட்கார்ந்து கூடமாட உதவினாள். கை வேகம், பார்க்க ஆசையாக இருந்தது. வெள்ளைப்பூக் கட்டைத் தட்டி உதறிப் பிரித்துக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் கண் சிவந்துவிட்டது. எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இன்று கூப்பிட்டேன், வரவில்லை. பூ வைக்கக் கிட்டப் போனால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

காலையிலிருந்து உழைத்துவிட்டு வந்த உடம்பு, வியர்வை இருக்கத்தான் செய்யும். அதற்கு மூக்கைப் பொத்துவாளா? எனக்கு அழுகை வந்துவிட்டது. சரத்தைச் சாமி படத்துக்குப் போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 24

பக்கத்து வீட்டுக்காரி எங்கள் பூனையின் மயிர்தான் காரணம் என்றாள். பூனையைச் சாக்கில் போட்டு ஆட்டோவில் மார்க்கெட் வரை கொண்டுபோய் விட்டேன். நான் இரண்டு கடை ஏறி இறங்கிவிட்டு வருவதற்குள் அது வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறது. இந்த வீட்டில் என்மேல் ஒட்டுதல் உள்ள ஜீவன் அது ஒன்றுதான் போலிருக்கிறது.

தும்மல் போய் இப்போது இழுப்பு வந்திருக்கிறது. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் விசில் சத்தம். டாக்டர் உறிஞ்சுகிற மருந்து எழுதிக்கொடுத்தார். என்னவென்று கேட்டதற்கு சக்தி, "ஒண்ணுமில்ல மதினி, தூசிதான்" என்றாள். வீட்டை ஒரு நாளைக்கு இரண்டு முறை துடைக்கிறேன். என் வீட்டில் எங்கே இருக்கிறது தூசி?

ஆகஸ்ட் 29

குமரவேல் மொட்டைமாடியில் போனில் பேசிக்கொண்டிருந்தான். துணி எடுக்கப்போன என் காதில் விழுந்தது. கம்பெனி பக்கத்தில் வாடகைக்கு வீடு பார்க்கிறான். இரண்டு பேருக்கு ஒரு படுக்கையறை போதும் என்கிறான்.

இரண்டு பேராம்.

அம்மா போனபோது அவனுக்குப் பதினோரு வயசு. எனக்கு வந்த வரன்களை எல்லாம், இவனை என்ன செய்வது என்று கேட்டே திருப்பி அனுப்பினேன். யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் ஒரு வார்த்தை என்னிடம் சொல்லிவிட்டுப் பார்க்கலாம் இல்லையா. துணியை மடிக்காமல் அப்படியே கட்டிலில் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 30

கேட்டேவிட்டேன். "வீடு பாக்கறியாமே?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு, "சும்மாதான்க்கா, விசாரிச்சேன்" என்றான். இவன் பொய் சொன்னால் காது சிவக்கும், சின்ன வயசிலிருந்தே. சக்தி சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். அவள் உள்ளே போய்விட்டாள்.

தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான். வளைகாப்பு போட்டதும் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். பிறகு பிள்ளையோடு இந்த வீட்டுக்கு வருவாளா, அந்த ஒற்றைப் படுக்கையறைக்குப் போவாளா? இங்கே வரவேண்டும், எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். வேறு எதுவும் கேட்கவில்லை.

செப்டம்பர் 4

வளைகாப்பு பதினோராம் தேதி என்று முடிவாகிவிட்டது. மண்டபம் வேண்டாம், வீட்டிலேயே வைக்கலாம் என்று சொல்லிவிட்டேன். அலங்காரத்தை எவனிடமும் விடமாட்டேன். உடன்குடிக்காரர்கள் வாயைப் பிளக்கவேண்டும். இப்படிச் செய்கிறவளை விட்டுவிட்டா போவது என்று அந்தப் பெண்ணுக்கே தோன்றவேண்டும்.

செப்டம்பர் 10

காலையில் மனைக்குப் போய்க் கை வலிக்க வெட்டினேன். நல்ல பூப்பு, தொட்டால் மாவு மாதிரி கையில் உதிர்கிறது. முழங்கை மடிப்பெல்லாம் தடித்துப்போய்விட்டது. தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டேன்.

நாற்காலிக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு வளைவு. முழுக்க வெள்ளைப்பூ, நடுவே சிவப்பு ரோஜா. இத்தனை வருஷத்தில் நான் செய்த வேலைகளில் இதுதான் நன்றாக வந்திருக்கிறது. மிச்சப் பூவை வாடாமல் இருக்க சக்தியின் அறையில் வாளியில் வைத்தேன். அந்த அறைதான் குளுமை. அவள் வேண்டாம் என்பாளோ என்று பார்த்தேன். வளைவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ரொம்ப அழகா இருக்கு மதினி" என்றாள். கண்ணில் தண்ணீர். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

செப்டம்பர் 13

எழுத உட்கார இன்றுதான் முடிந்தது.

வளைகாப்பன்று காலையிலேயே சக்திக்கு முகம் சரியில்லை. உறிஞ்சுகிற மருந்தைப் போட்டுக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். முதல் வளையலை அவள் அம்மா போட்டார், அடுத்து நான். வரிசையாகப் பெண்கள் வந்தார்கள். பாதியில் சக்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு உள்ளே போகவில்லை. வாய் திறக்கிறாள், தோள் ஏறி ஏறி இறங்குகிறது, சத்தம் வரவில்லை. உதடு நீலமாகிப் போனது. நான் என்ன செய்தேன் தெரியுமா? காற்று வரட்டும் என்று அவளை அந்தப் பூவளைவு மேலேயே சாய்த்துப் பிடித்துக்கொண்டு விசிறினேன்.

குமரவேல்தான் அவளைத் தூக்கினான். காரில் பின்சீட்டில் என் மடியில் தலை. வளையல் குலுங்குகிற சத்தம் வழி முழுக்க.

ஆஸ்பத்திரியில் ஊசி போட நர்ஸ் வளையலைக் கழற்றப் போனாள். வளைகாப்பு வளையலைப் பிரசவத்துக்கு முன் கழற்றக்கூடாது என்று நான் ஒரு கத்து கத்தினேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் முழங்கைக்கு மேலே தள்ளிவிட்டு ஊசி போட்டாள். முகத்தில் மாஸ்க் கட்டிப் புகை மாதிரி மருந்து விட்டார்கள். வெகுநேரம் கழித்துத்தான் மார்பு மெதுவாக ஏறி இறங்கியது. வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். நான் வராந்தா தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

செப்டம்பர் 14

பெண் டாக்டர், சின்ன வயசு. சக்தியைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர் என் எதிரே நின்றுவிட்டார். என் கழுத்தைப் பார்த்தார், கண் இமையைப் பார்த்தார், கையை நீட்டச் சொன்னார்.

"இது எத்தனை வருஷமா இருக்கு?"

சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். என்ன வேலை என்று கேட்டார், பொக்கே கட்டுகிறேன் என்றேன். என் கொண்டையில் சிக்கியிருந்த ஒரு பூத்துணுக்கைக் காகிதத்தால் பிடித்து எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். பார்த்தீனியம் என்றார். இதன் மகரந்தம் சிலருக்குத் தோலில் ஏறும், சிலருக்கு மூச்சில் ஏறும், உங்களுக்கு முதலாவது, உள்ளே படுத்திருப்பவருக்கு இரண்டாவது என்றார். இதையா வீட்டுக்குள் வைத்தீர்கள் என்று கேட்டார். திட்டுகிற மாதிரிகூட இல்லை.

கூடத்தில் உதறிய கட்டு, அறையில் வைத்த வாளி, தலையில் பூ வைத்த இந்தக் கை, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்முன் வந்து நின்றது.

டாக்டர் போனபிறகு குமரவேல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, அவளுக்கு ஆவணி பொறந்தப்பவே சந்தேகம். நீ கடையில இருந்து வந்து கிட்ட உக்காந்தாத்தான் வருது, நீ வெளிய போனா குறையுதுன்னா. நான் சொல்லிடலாம்னேன். வேணாம்னுட்டா."

"ஏன்டா?"

"மதினி நாள் பூரா நின்னுட்டு வந்து எனக்குத்தான் முதல்ல பூ வைக்கிறாங்க, அந்தக் கைதான் ஆகலைன்னு எந்த வாயால சொல்லன்னா. அதான் வீடு பாத்தேன். வேலைக்குப் பக்கம்னு சாக்குச் சொல்லிக்கலாம்னு."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். எல்லோருமாகச் சேர்ந்து என்னை ஒரு பைத்தியக்காரி ஆக்கிவிட்டீர்களே என்று அவன் சட்டையைப் பிடித்துக் கேட்டேன். அவன் காது சிவக்கவில்லை. பிறகு அவன் தோளிலேயே சாய்ந்து அழுதேன். அவனும் அழுதான்.

செப்டம்பர் 17

சக்தியை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே உடன்குடிக்கு அனுப்பிவிட்டோம். நான் வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்து வேறு புடவை கட்டிக்கொண்டுதான் வந்தேன். ஆனாலும் கார் பக்கம் போகவில்லை, ஆஸ்பத்திரி கேட் அருகே நின்றுகொண்டேன். அவள் கண்ணாடியை இறக்கிக் கையை நீட்டினாள். நான் அங்கிருந்தே கும்பிட்டேன். வெயிலுகந்தம்மாள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

செப்டம்பர் 18

வளைவைப் பிரித்துக் குழி வெட்டிப் புதைத்தோம். குமரவேல்தான் வெட்டினான். என்னைக் கிட்ட விடவில்லை.

செப்டம்பர் 22

அவன் பார்த்து வைத்த வாடகை வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். எடுத்துக்கொள்ளடா, நான் ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லத்தான் போனேன். பின்பக்கக் கதவைத் திறந்தால் சுவரை ஒட்டி இடுப்பளவுக்கு நிற்கிறது, பூத்துக் குலுங்கிக்கொண்டு. அடுத்த தெருவிலும் அதேதான், சாக்கடை ஓரம், பள்ளிக்கூட மதில், ரயில்வே லைன். இத்தனை நாளும் எனக்கு ஓசி ஜிப்ஸியாகத் தெரிந்தது.

அவன் அட்வான்ஸ் கொடுக்கவில்லை. முடிவு என்ன என்று நானும் கேட்கவில்லை.

செப்டம்பர் 28

கடையில் வெள்ளைப்பூவை நிறுத்திவிட்டேன். ஜிப்ஸி கேட்கிறவர்களுக்கு ஜிப்ஸி, அதற்கு உள்ள விலையோடு. மற்றவர்களுக்கு ரோஜா நடுவே மரிக்கொழுந்து வைக்கிறேன். மண்டப மேனேஜர் ஒருவர், இதென்ன கோயில் மாலை மாதிரி என்று சொல்லி ஆர்டரை வேறு கடைக்குக் கொடுத்துவிட்டார். அந்தக் கடைக்குப் போய் அவர்கள் வைப்பது என்ன பூ என்று பார்த்தேன். அதேதான். சொன்னேன். உன் தொழில் போட்டியை வேறு எங்காவது வைத்துக்கொள் என்றார்கள். ஒரு மாதம் முன்பு என்னிடம் யாராவது வந்து சொல்லியிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அக்டோபர் 6

மனையில் பிடுங்க இரண்டு பெண்களை வைத்தேன். கையுறை போட்டு, மூக்கில் துணி கட்டித்தான் இறங்கவேண்டும், கழற்றினால் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டேன். நான் மாடியில் நின்று அதட்டிக்கொண்டிருந்தேன். மனை சுத்தமாகிவிட்டது. நிம்மதியாகத் தூங்கலாம்.

அக்டோபர் 15

மழை. மனை முழுக்கக் குட்டிக் குட்டியாகப் பச்சை. உற்றுப் பார்த்தேன். அதே இலை.

அக்டோபர் 16

சக்தி போன் செய்தாள். தினமும் அவள்தான் செய்கிறாள், எனக்கு எடுத்துப் பேச வாய் வருவதில்லை. இன்று அவள் பாட்டுக்கு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தாள். நான்தான் நடுவில் செடி மறுபடி முளைத்துவிட்டதைச் சொன்னேன். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. "உப்பு போட்டுப் பாருங்க மதினி. எங்க உப்பளத்துப் பக்கம் ஒரு புல் பூண்டு மொளைக்காது" என்றாள்.

அக்டோபர் 23

பார்சல் லாரியில் ஒரு மூட்டை கல்லுப்பு வந்திருக்கிறது. அனுப்பியது வெயிலுகந்தம்மாள். ஊரில் எல்லோருக்கும் சம்பந்தி வீட்டுச் சீர் தங்கமும் வெள்ளியுமாக வரும், எனக்கு உப்பு மூட்டை. வாசலில் வைத்துக்கொண்டு சிரித்தேன், குமரவேலும் சிரித்தான். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

வேளாண்மை ஆபீசில் கேட்டதற்கும் அதையே சொன்னார்கள். சும்மா கிடக்கிற மனைதான், உப்புத் தண்ணீர் தெளிக்கலாம், ஆனால் பூக்கும் முன்னே, வெயில் நாளாகப் பார்த்துத் தெளிக்கவேண்டும் என்றார்கள்.

நவம்பர் 9

உப்புத் தண்ணீர் தெளித்த செடி கருகிவிட்டது. மறு மழையில் வேறு முளைக்கும். முளைக்கட்டும். மூட்டையில் பாதி இருக்கிறது.

நவம்பர் 30

நேற்று மத்தியானம் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். குமரவேல் அழுதுகொண்டே பஸ் ஏறினான். போகலாமா என்று என்னையும் கேட்டான். கடையை யார் பார்ப்பது என்றேன். கடை ஒரு சாக்கு. அவனுக்கும் தெரியும்.

டிசம்பர் 12

சக்தி போனில், "மதினி, நீங்க வராம பேர் வைக்க மாட்டோம்னு அம்மா சொல்லிட்டா. அத்தைக்காரி இல்லாம என்ன பேரு?" என்றாள். வேறு எதுவும் பேசாமல் வைத்துவிட்டாள்.

டிசம்பர் 19

உடன்குடி. சக்தி வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இரண்டு நாள் கடைப்பக்கம் போகவில்லை. கடைக்கு ஒரு முறைகூட உடுத்தாத புதுப் புடவை, புதுப் பை. தலையில் பூ இல்லை. இங்கே வந்ததும் வாசலிலேயே நின்று, எனக்குக் குளிக்கத் தண்ணீர் வேண்டும் என்றேன். வெயிலுகந்தம்மாள் மறுபேச்சில்லாமல் பின்பக்கம் அழைத்துப்போய் இறைத்துக் கொடுத்தார். குளித்துவிட்டு வந்தும் உள்ளே போகக் கால் எழவில்லை. நிலைப்படியில் நின்றேன். கழுத்தில் தழும்பு மட்டும்தான் மிச்சம், தடிப்பு இல்லை. ஆனாலும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன்.

சக்தி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நன்றாகத் தேறியிருந்தாள். "அங்கன என்ன நிக்கிங்க? கிட்ட வாங்க" என்றாள். நான் அசையவில்லை. அவளே எழுந்து வந்து பிள்ளையை என் கையில் வைத்துவிட்டு, என் தோளில் முகத்தைப் பதித்து நன்றாக ஒரு மூச்சு இழுத்தாள். எனக்கு உயிரே இல்லை. இழுத்த மூச்சை விட்டாள். ஒன்றும் ஆகவில்லை.

"தை பொறந்ததும் வாரோம் மதினி. அவியகிட்ட சொல்லிட்டேன், வீடு மாத்த வேணாம்னு. வெயில் ஆரம்பிச்சா அந்தச் செடியும் காஞ்சிரும்ல?"

அடுத்த மழைக்கு மறுபடி வரும் என்றேன். பொய் சொல்ல மனசு வரவில்லை.

"வரட்டும். அம்மாட்ட இன்னும் உப்பு இருக்கு."

அப்போது பிள்ளை என் கையில் மூக்கைச் சுளித்துத் தும்மியது. நான் பதறிப்போய் அவளிடம் நீட்டினேன். என் புடவையா, கையா, தலைமயிரில் எங்காவது ஒட்டிக்கொண்டு வந்ததா? சக்தி வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"பச்சப்புள்ள தும்மத்தான் செய்யும். பொறந்ததுல இருந்து தும்முது. இங்க யாருக்கும் என்ன சொல்லணும்னு தெரியல, நீங்க வந்து சொல்லட்டும்னு இருந்தேன்."

பிள்ளை இன்னொரு முறை தும்மியது. வெயிலுகந்தம்மாள், குமரவேல், சக்தி மூன்று பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நூறு என்றேன். இருநூறு என்றேன்.